டிராக்டர் கேள்வி-பதில்: முன் சக்கரம் தூக்கினால் என்ன செய்வது?

கேள்வி: என் மகன் கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) சாகுபடிக்கு வாடகை உழவு ஓட்டுகிறான். வயலில் இருந்து சானல் (பாசனக் கால்வாய்) கரைக்கு ஏறும்போது முன் சக்கரம் லேசாகத் தூக்குகிறதாம். பின்னால் ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) மாட்டினால் அப்படித்தான் இருக்கும் என்று கூட ஓட்டுகிறவர்கள் சொல்கிறார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், பூதப்பாண்டி

பதில்: அம்மா, நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அப்படித்தான் இருக்கும் என்கிறவர்கள் பேச்சை உங்கள் மகன் கேட்கவே வேண்டாம். முன் சக்கரம் தரையை விட்டால் ஸ்டியரிங் இருந்தும் பயனில்லை, அந்த நேரம் பார்த்து கிளட்ச்சை வெடுக்கென்று விட்டால் வண்டி அப்படியே பின்பக்கமாக மல்லாந்து ஓட்டுகிறவர் மேலேயே விழும். மொத்தமும் ஒன்றரை விநாடிக்குள் முடிந்துவிடும். குதித்துத் தப்பலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

லிப்ட் 1,500 கிலோ தூக்கும் என்று வாங்கும்போது சொல்லியிருப்பார்கள். சரி, தூக்கும். அது ஹைட்ராலிக்கின் பலம். முன்பக்கம் தரையில் நிற்குமா என்பது வேறு கணக்கு. 400 கிலோ ரோட்டவேட்டரின் பாரம் பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் தொங்குகிறது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவியைத் தூக்கிய உடனே முன் சக்கரத்தின் மேல் இருந்த பாரத்தில் 200 கிலோ குறைந்து பின் சக்கரத்துக்குப் போய்விடும். இது சமதரையில். ஏற்றத்தில் இன்னும் குறையும்.

கையோடு ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். லாரி எடை போடும் மேடைக்கு வண்டியைக் கொண்டுபோய், ரோட்டவேட்டரைத் தூக்கி வைத்து, முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி எடை பார்க்கட்டும். டிராக்டரின் சொந்த எடையில் 5-ல் ஒரு பங்காவது முன்னால் இருக்க வேண்டும், 2,000 கிலோ வண்டி என்றால் 400 கிலோ. அதற்குக் கீழே இருந்தால் பம்பரில் முன் வெயிட் மாட்டாமல் வயலுக்குப் போகக்கூடாது. ஆளை பானட்டில் உட்கார வைத்து சமாளிக்கிறார்களே, அதைப் பார்த்தாலே வயிறு கலங்குகிறது, தயவுசெய்து செய்யாதீர்கள்.

அப்புறம் அந்த ஏற்றம். பி.டி.ஓ.வை (கருவியைச் சுழற்றும் தண்டை) அணைத்துவிட்டு ரிவர்ஸில் ஏறட்டும். கருவி மேட்டுப் பக்கம் இருந்தால் அதன் பாரம் வண்டியைக் கீழே அழுத்திப் பிடிக்கும், பின்னால் சாய்க்காது. இறங்கும்போது முன்பக்கமாக, சின்ன கியரில். கருவியைத் தரையில் தட்டாத உயரம் தூக்கினால் போதும். கரையில் ஓட்டும்போது சானல் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரமாவது ஓரத்தை விட்டுத் தள்ளிப் போகணும், மழை பெய்து ஊறிய கரை என்றால் இன்னும் தள்ளி. வயலில் ஒற்றைப் பிரேக் பிடித்துத் திருப்பிய பிறகு ரோட்டுக்கு வந்ததும் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்ட வேண்டும், இதை மறந்துதான் பலர் பக்கவாட்டில் கவிழ்கிறார்கள்.

கேள்வி: வெட்டிய ரப்பர் மரத் தடி இழுக்க சங்கிலியை டாப் லிங்க் (கருவியை மேலே பிடிக்கும் கம்பி) மாட்டும் இடத்தில் கட்டலாமா? உயரமாக இருந்தால் தடி தரையில் உரசாமல் வருமே.
- வாசகர், குலசேகரம்

பதில்: கட்டவே கூடாது. பின் அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால், தடி ஒரு வேரிலோ பாறையிலோ மாட்டிய உடனே சக்கரம் சுழல்வதற்குப் பதில் வண்டியின் மூக்கு மேலே எழும்பும். கீழே இருக்கும் டிராபாரில் (இழுவைக் கம்பியில்) மட்டும் கட்டுங்கள். சேற்றில் புதைந்த வண்டியை எடுக்க பின் சக்கரத்தில் கட்டை கட்டுவதும் இதே ஆபத்துதான், இன்னொரு வண்டியை வைத்து இழுங்கள்.

கேள்வி: சீட் பெல்ட் போட்டால் கவிழும்போது வெளியே வர முடியாதே?
- வாசகர், திருவட்டார்

பதில்: உங்கள் வண்டியில் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது கவிழ்ந்தால் ஓட்டுகிறவரை நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டகம், இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பெல்ட் கட்டாயம், அந்தச் சட்டத்துக்குள் உங்களைப் பிடித்து வைப்பதே பெல்ட்தான். இல்லாவிட்டால் பெல்ட் போடாதீர்கள், சட்டத்தை மாட்ட ஏற்பாடு செய்யுங்கள். ஸ்வீடனில் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு இந்தச் சட்டகத்தைக் கட்டாயமாக்கினார்கள், கவிழ்ந்து சாகிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். வெயிலுக்குப் போடும் கூரையை நம்ப வேண்டாம், வண்டி மேலே விழுந்தால் அது தகரம் மாதிரி மடங்கிவிடும். உண்மையான சட்டம் தடித்த குழாயில் இருக்கும், பின் அச்சின் உறையோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள், கம்பெனி தகடும் அடித்திருக்கும். பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்து வாங்காதீர்கள், உங்கள் மாடலுக்கென்று வரும் சட்டத்தையே கேளுங்கள்.