வலையில் ஈ சிக்கியது சிலந்திக்கு எப்படித் தெரிகிறது?

பெங்களூரு லால்பாக் பூங்காவின் புதர்களில் வட்ட வலை பின்னும் சிலந்திக்குப் பார்வை மங்கல்தான். நடுவில் உட்கார்ந்து, கால்களை ஆரக்கால் இழைகள் (நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடுபவை) மேல் வைத்திருக்கும். கால் மூட்டருகே உள்ள நுண்பிளவுகள் அதிர்வை உணரும். பால்கனித் துணிக்கொடியின் ஒரு முனையைப் பிடித்தால், மறுமுனையில் துணி போடுவது கண்ணை மூடினாலும் தெரியுமே, அப்படி. ஈ சிறகடித்தால் வேகமான அதிர்வு, உடனே சிலந்தி பாய்ந்து வரும். காற்றின் மெதுவான ஆட்டத்தைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது.

1880-இல் ஆங்கில இயற்பியலாளர் சி.வி.பாய்ஸ் ஒலிக்கும் இசைக்கவையை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவை) வலையில் தொட்டார். சிலந்தி ஓடிவந்து கவையையே கவ்வியது! தொடாமல் அருகே நீட்டியபோது நூல் விட்டுக் கீழே இறங்கிவிட்டது. நீங்கள் முயன்றால் கவையை ஆரக்கால் இழையில் பட்டும் படாமலும் வையுங்கள். சுற்றிச் சுற்றி ஓடும் சுருள் இழையில் பட்டால் அது ஒட்டிக்கொண்டு வலை கிழியும்.

காது இல்லாததால் சிலந்தி செவிடு என்பது தவறு: காற்றில் வரும் ஒலியும் வலையை அதிரவைக்கும், அதையும் அது காலால் கேட்கிறது.