மகள் கையில் சாக்ஸபோன், மாமா கையில் விண்ணப்பம்

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகும் மகளைப் பற்றி ஒரு தாய் எழுதியிருக்கிறார். பள்ளி பேண்டில் ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசிக்கும் பெண். மேற்படிப்பும் அதை ஒட்டியே இருக்க வேண்டும் என்கிறாள். எதைப் படித்தாலும் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்பது தாயின் கவலை. தாய்மாமன் கணினிப் பொறியியல் விண்ணப்பத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். பெரியம்மா சமரசம் பேசுகிறார்: "இசைதான் வேணும்னா புல்லாங்குழலோ வயலினோ எடுத்துக்கட்டும். கன்னத்தை உப்பிக்கிட்டு ஊதுறது பொம்பளப் பிள்ளைக்கு அழகா?" கடிதத்தின் கடைசியில் புகாராக ஒரு வரி: போன மாதம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தக் கருவியையே பிரித்துப் போட்டுவிட்டாள், நல்லவேளை, எப்படியோ திரும்ப மாட்டிவிட்டாள்.

அம்மா, உங்கள் கவலையில் பணத்தைப் பற்றியது நியாயம். அதற்கு வருகிறேன். மற்றதெல்லாம் சொந்தக்காரர்கள் உங்கள் தலையில் ஏற்றி வைத்தது. அதை இறக்கி வையுங்கள்.

முதலில் கன்னம். சாக்ஸபோனைச் சரியாக வாசித்தால் கன்னம் உப்பாது. கீழுதடு கீழ்ப்பல்லை லேசாக மூடி ரீடுக்கு (வாயில் வைக்கும் மவுத்பீஸில் கட்டிய, ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் பட்டைக்கு) மெத்தையாக இருக்கும், மேல்பல் மவுத்பீஸில் படியும், வாயின் இரு ஓரமும் இறுகி நிற்கும். கன்னம் உப்பினால் ஆசிரியர்தான் முதலில் திட்டுவார். 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வசதியான வீட்டுப் பெண்களுக்குப் பியானோவையும் ஹார்ப்பையும் பொருத்தமாக நினைத்ததற்கு, வாசிக்கும்போது முகம் கோணாது என்பதும் ஒரு காரணம். பார்க்கிறவர் கண்ணுக்காகப் போட்ட விதி அது. உங்கள் பெரியம்மாவுக்குத் தெரியாமலே அது அவர் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

1978-இல் ஏபிலஸ், போர்ட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் பெரியவர்களிடம், மகளுக்கு எந்தக் கருவி, மகனுக்கு எது என்று கேட்டார்கள். புல்லாங்குழல், கிளாரினெட், வயலின் மகளுக்குப் போயின. டிரம்ஸ், டிராம்போன், டிரம்பெட் மகனுக்கு. சாக்ஸபோன் எந்தப் பக்கமும் சாயவில்லை! அந்தக் காலத்துப் பெற்றோருக்கே இல்லாத தயக்கம் நமக்கு எதற்கு?

அடால்ஃப் சாக்ஸ் இந்தக் கருவிக்குக் காப்புரிமை பெற்றது 1846-இல். அதற்கென்று கச்சேரி இசை எழுதச் சொல்லி பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸி போன்றவர்களுக்குப் பணம் கொடுத்தவர் பாஸ்டனைச் சேர்ந்த எலிஸ் ஹால் என்ற பெண்மணி, அவரே வாசிப்பவரும்கூட. (டெபுஸ்ஸி பணத்தை வாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார். அது தனிக்கதை.) சிலி நாட்டின் மெலிசா அல்டானா, சாக்ஸபோன் கலைஞரான அப்பாவிடம் ஆறு வயதில் தொடங்கி, 2013-இல் தெலோனியஸ் மங்க் சர்வதேச ஜாஸ் போட்டியில் வென்றார். கர்நாடக இசை மேடையிலேயே லாவண்யா, சுப்பலட்சுமி சகோதரிகள் சாக்ஸபோன் வாசிக்கிறார்கள். இதற்குமேல் பெரியம்மாவோடு வாதாட வேண்டாம்.

மாமாவுக்கு ஒரே பதில்: படிக்கப்போகிறவளுக்கு விருப்பமில்லாத நான்கு ஆண்டுகளுக்கு நீங்கள் கடன் வாங்கக் கூடாது. தவணை கட்டப்போவது அவரல்ல.

உங்கள் மகளுக்கும் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர்பெற்ற இசைக் கல்லூரியில் சாக்ஸபோன் பட்டம் என்று கனவு கண்டால், அதற்கும் கடன் வேண்டாம் என்பேன். சிம்பொனி இசைக்குழுக்களில் வயலினுக்கும் கிளாரினெட்டுக்கும் நிரந்தர இடம் உண்டு. சாக்ஸபோனுக்குப் பொதுவாக இல்லை; தேவைப்படும் படைப்புக்கு மட்டும் வெளியிலிருந்து கூப்பிடுவார்கள். இசை ஆசிரியர், மேடைக் கலைஞர் என்ற வழிகள் உங்களுக்கே தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த ஸ்க்ரூ டிரைவர் வரியில்தான். பிரித்த பெண் திரும்ப மாட்டியும் விட்டாள் என்றால், ஊது கருவிகளைப் பழுது பார்க்கும் தொழிலை அவளுக்கு யாராவது காட்ட வேண்டும்.

சாக்ஸபோனின் துளைகளை மூடித் திறப்பவை இருபதுக்கும் மேற்பட்ட பேட்கள் என்ற மெத்தை வட்டுகள். அட்டை, அதன்மேல் கம்பளி, அதன்மேல் தோல். ஈரம் பட்டுப் பட்டுத் தோல் இறுகும், கிழியும். முடி அளவு இடைவெளி விழுந்தாலும் கீழ்ஸ்தாயி ஸ்வரங்கள் திக்கும். பழுது பார்ப்பவர் அறையை இருட்டாக்கி, குழலுக்குள் ஒரு நீள விளக்கை இறக்கி, எந்தப் பேட் ஓரத்தில் வெளிச்சம் கசிகிறது என்று தேடுவார். கண்டதும் அந்தப் பேட் ஒட்டியிருக்கும் உலோகக் கிண்ணத்தைச் சூடேற்றி, உள்ளே இருக்கும் அரக்கை இளக்கி, பேட்டை இம்மியளவு சாய்த்துப் படிய வைப்பார். அதோடு முடிவதில்லை. ஒரு கீயை (விரலால் இயக்கும் மூடியை) அழுத்தினால் இன்னொன்றும் அதே நொடியில் மூட வேண்டும்; நடுவிலுள்ள கார்க் தேய்ந்திருந்தால் அந்த ஒத்திசைவு போய்விடும். ஊசி போன்ற எஃகு ஸ்பிரிங்குகளின் விறைப்பைத் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும். ஆட்டம் கண்ட கீ குழாய்களை இறுக்க வேண்டும், நசுங்கிய பித்தளையை உள்ளிருந்து எடுக்க வேண்டும். முழுதாகப் பிரித்துச் செய்தால் பல நாள் வேலை. கடைசியில் ஒவ்வொரு ஸ்வரமாக வாசித்துப் பார்த்துத்தான் கையில் கொடுப்பார்கள். அங்கேதான் உங்கள் மகள் இத்தனை ஆண்டு வாசித்தது முதலீடாக மாறுகிறது. கைப்பழக்கம் வந்துவிட்டால் கிளாரினெட்டும் புல்லாங்குழலும் அதே மேசைக்கு வரும். பேட் தேயத்தான் செய்யும், அதனால் வந்தவர் மறுபடியும் வருவார்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரெட் விங் என்ற ஊரில் இதற்கென்றே அரசுக் கல்லூரிப் படிப்பு உண்டு. அதைச் சொன்னது, இது ஒட்டுவேலை அல்ல, முறையாகக் கற்கும் தொழில் என்று மாமாவுக்குத் தெரியட்டும் என்பதற்காக. உடனே விமான டிக்கெட் பார்க்காதீர்கள்.

எந்தப் படிப்புக்கும் கட்டணம் கட்டுவதற்கு முன், விடுமுறை முழுக்க ஒரு பட்டறையில் உதவியாளாக இருக்கட்டும். கருவிப்பெட்டி மொத்தமாக வாங்க வேண்டாம். தேவைப்படுவதை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். விலையுயர்ந்த புதுச் சாக்ஸபோனும் இப்போது வேண்டவே வேண்டாம். இருப்பதன் பேட்களை மாற்றி, நல்ல மவுத்பீஸ் ஒன்று வாங்கினாலே சத்தம் வேறாகிவிடும். நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து தோலும் அரக்குமாக இருப்பது தனக்கு ஒத்துவரவில்லை என்று அவள் சொன்னால், என் யோசனையையும் மாமாவின் விண்ணப்பத்தோடு சேர்த்து ஓரமாக வைத்துவிடுங்கள்.

பட்டறைக்காரரிடம் முதல் நாளே ஒன்று கேட்டுவிடுங்கள்: இவள் கையில் கருவியைக் கொடுப்பீர்களா? பெண் என்பதால் இவளை, வருகிற வாடிக்கையாளர்களுக்கு ரசீது எழுத மட்டும் உட்கார வைத்தால், அடுத்த வாரமே வேறு பட்டறை பாருங்கள்.