மேஜிக் கார்டு ஆட்டத்தில் எந்த ஃபார்மட்டில் தொடங்குவது?

கேள்வி: 'மேஜிக்: த கேதரிங்' ஆடக் கற்றுக்கொள்ள ஆசை. ஸ்டாண்டர்ட், மாடர்ன், கமாண்டர், டிராஃப்ட், பாப்பர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இவற்றுக்குள் என்ன வித்தியாசம்? புதிதாக வருபவர் எதில் தொடங்கினால் நல்லது?

டிராஃப்டில் தொடங்குங்கள். கையில் காசு குறைவென்றால் அடுத்து பாப்பருக்குப் போங்கள். ஆட்டம் ஓரளவு பிடிபட்ட பிறகு கமாண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று யாரைக் கேட்டாலும் முதலில் கமாண்டர் என்றுதான் சொல்வார்கள். நான் அதற்கு மாறாகச் சொல்வதால் காரணங்களையும் விரிவாகவே வைக்கிறேன்.

முதலில் 'சோல் ரிங்' என்ற ஒரு கார்டைப் பார்ப்போம். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993-இல் வெளிவந்த முதல் தொகுப்பிலேயே அது இருந்தது. இந்த ஆட்டத்தில் லேண்ட் தவிர மற்றக் கார்டுகளை இறக்கப் பொதுவாக மனா என்ற ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். சாதாரணமாக முறைக்கு ஒரு லேண்ட் கார்டு, அதிலிருந்து ஒரு மனா என்று மெதுவாகத்தான் அது பெருகும். சோல் ரிங்கை இறக்க ஒரு மனா போதும். இறக்கிய முறையிலிருந்தே ஒவ்வொரு முறையும் இரண்டு மனா தரும். போட்ட முதல் அங்கேயே இரட்டிப்பாகத் திரும்புகிறது. இந்தக் கார்டை விண்டேஜ் ஃபார்மட்டில் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளலாம். லெகஸியில் அது தடை. மாடர்னிலும் ஸ்டாண்டர்டிலும் அந்தக் கார்டே செல்லாது. கமாண்டரிலோ, கடையில் விற்கும் தயார் கட்டுகளிலேயே அதைப் போட்டுத் தருகிறார்கள். கார்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதுதான் அதன் மதிப்பை முடிவு செய்கிறது.

ரம்மியில் நடுவே கிடக்கும் கட்டு எல்லாருக்கும் பொது. மேஜிக்கில் அவரவர் கட்டை அவரவரே அமைத்துக்கொண்டு வருகிறோம். இதுவரை அச்சான கார்டுகளோ பல்லாயிரம். அவற்றில் எவை செல்லும், எத்தனை பிரதி செல்லும், எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதை வகுப்பதுதான் ஃபார்மட். ஆட்டம் வெளிவந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையிலேயே இந்தப் பிரிவினை தேவைப்பட்டது. தாமதமாக வந்தவர்களுக்கு முதல் தொகுப்புகளின் கார்டுகள் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களை ஜெயிக்கவும் முடியவில்லை. ஆகவே 1995-இன் தொடக்கத்தில் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் ஆட்டத்தை இரண்டாகப் பிரித்தது. எல்லாக் கார்டும் செல்லும் முதல் வகை பின்னாளில் விண்டேஜ் ஆனது. புதிய தொகுப்புகள் மட்டுமே செல்லும் இரண்டாம் வகைதான் இன்றைய ஸ்டாண்டர்ட்.

ஸ்டாண்டர்டில் இருவர் மோதுவார்கள். கட்டில் குறைந்தது 60 கார்டு, ஒரே கார்டின் பிரதிகள் அதிகபட்சம் நான்கு, ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. ஏறத்தாழ கடைசி மூன்று ஆண்டுகளின் தொகுப்புகள் செல்லும். 2023 வரை இது இரண்டு ஆண்டாக இருந்தது. பழைய தொகுப்புகள் வெளியேறும்போது அவற்றை நம்பிக் கட்டிய கட்டும் சேர்ந்து போய்விடும். வாராவாரம் போட்டி நடத்தும் கடை பக்கத்தில் இருந்து, புதிய தொகுப்பு ஒவ்வொன்றையும் பின்தொடர மனமும் பணமும் இருந்தால் இது உயிர்த்துடிப்பான ஃபார்மட். அந்த வசதி இல்லாதவருக்கு இது ஓட்டைப் பை.

இந்தச் சலிப்புக்கு மருந்தாகத்தான் 2011-இல் மாடர்ன் வந்தது. 2003-இல் வெளியான எட்டாம் பதிப்பிலிருந்து எல்லாம் செல்லும், எதுவும் காலாவதியாகாது, ஒருமுறை கட்டிய கட்டு என்றும் உங்களுடையது என்பது அதன் வாக்குறுதி. சில ஆண்டுகள் அந்த வாக்கு நின்றது. 2019-இல் ஸ்டாண்டர்ட் வழியாக வராமல் நேரே மாடர்னுக்கென்றே 'மாடர்ன் ஹொரைஸன்ஸ்' என்ற தொகுப்பை அச்சிட்டார்கள். பின்னர் 2021-இல் ஒன்று, 2024-இல் ஒன்று. ஒவ்வொன்றும் வரும்போதெல்லாம் பழைய கட்டுகள் மூலைக்குப் போயின. மூன்றாவது தொகுப்பில் வந்த 'நாடு, விங்டு விஸ்டம்' என்ற பறவைக் கார்டு, வெளியான மாதமே ஆம்ஸ்டர்டாமில் நடந்த 'புரோ டூர்' என்ற தொழில்முறைப் போட்டியை வென்றது. ஆகஸ்டில் மாடர்னிலிருந்து தடை செய்யப்பட்டது. பல நூறு டாலர் கொட்டிக் கட்டும் ஒரு ஃபார்மட்டில் இப்படி நடக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காலாவதி என்ற பெயர் இல்லை என்பதைத் தவிர, நடப்பது அதுவேதான்.

பயனியர் 2019-இல் வந்த இடைப்பட்ட வழி. 2012 அக்டோபரிலிருந்து வந்த ஸ்டாண்டர்ட் தொகுப்புகள் செல்லும். ஏறத்தாழ எல்லாக் காலக் கார்டுகளும் செல்லும் லெகஸியும் விண்டேஜும் ஆட்டத்தின் பழைய மாளிகைகள். அவற்றைப் பார்த்து வியக்கலாம், குடியேறுவது கடினம். 1996-இல் நிறுவனம் ஒரு பட்டியல் போட்டு, அதிலுள்ள கார்டுகளை இனி அச்சிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது. லெகஸிக்கு இன்றியமையாத இருநிற லேண்ட் கார்டுகளும் (ஒரே கார்டு இரண்டு நிற மனா தருபவை) அதில் மாட்டிக்கொண்டன. அவற்றின் கடைசி அச்சு 1994-இல். ஆகவே அவற்றை நம்பிய ஒரு லெகஸி கட்டின் விலை சில ஆயிரம் டாலரில்தான் நிற்கும்.

இனி கமாண்டர். இது நிறுவனத்தின் அலுவலகத்தில் பிறந்ததல்ல. அலாஸ்காவில் ஆடம் ஸ்டேலி என்பவரும் நண்பர்களும் தங்களுக்குள் ஆடிக்கொண்டிருந்த வீட்டு ஆட்டம் அது. ஷெல்டன் மெனரி என்ற நடுவர் அதை மற்ற நடுவர்களிடம் கொண்டுபோனார். நாள் முழுக்கப் போட்டி நடத்திக் களைத்தவர்கள் இரவில் இளைப்பாற ஆடினார்கள். 2011-இல்தான் விஸார்ட்ஸ் அதற்கென்று தயார் கட்டுகளை வெளியிட்டது. பொதுவாக நால்வர் ஆடுவது. ஆளுக்கு 40 உயிர்ப்புள்ளி, 100 கார்டு. அடிப்படை லேண்ட் தவிர எதிலும் ஒரே பிரதி. புராணப் பாத்திரம் ஒன்றைத் தலைவராகத் தேர்ந்தெடுத்து, அதன் நிறங்களுக்குள்ளேயே கட்டை அமைக்க வேண்டும். தலைவர் எப்போதும் கட்டுக்கு வெளியே காத்திருக்கும். செத்தாலும், கூடுதலாக இரண்டிரண்டு மனா கொடுத்து மறுபடி அழைக்கலாம்.

இந்த ஒற்றைப் பிரதி விதி ஆட்டத்தின் குணத்தையே மாற்றிவிடுகிறது. 60 கார்டில் நான்கு பிரதி வைத்தால், முதலில் எடுக்கும் ஏழு கார்டில் அது வர நூற்றுக்கு 40 வாய்ப்பு உண்டு. கமாண்டரின் 99 கார்டில் ஒரே பிரதி என்றால் நூற்றுக்கு 7 மட்டுமே. அதனால் ஒவ்வோர் ஆட்டமும் புதுக்கதை. முதல் மூன்று முறைக்கு இன்ன இன்ன கார்டு என்று திட்டமிட்டு, அது அப்படியே நடப்பதைப் பார்க்க விரும்புகிறவருக்கு இது எரிச்சல். எதிர்பாராததை விரும்புகிறவருக்கு விருந்து. அதேபோல 'லைட்னிங் போல்ட்' என்ற புகழ்பெற்ற சிவப்புக் கார்டு ஒரு மனாவுக்கு மூன்று சேதம் தரும். 20 புள்ளி வைத்திருக்கும் ஒற்றை எதிரிக்கு அது நல்ல அடி. எதிரே மூவர், ஆளுக்கு 40, ஆக 120 புள்ளி என்றால் அந்த மூன்று எங்கே போய் ஒட்டும்?

கமாண்டரை நான் மிகவும் விரும்புகிறேன். நண்பர்கள் கூடிச் சிரித்துப் பேசி, ஒருவரோடு ஒருவர் உடன்படிக்கை போட்டு, அடுத்த முறையே அதை மீறி ஆடும் மாலைகளுக்கு இதைப் போல இன்னொன்று இல்லை. ஆனால் இது நல்ல பள்ளிக்கூடம் அல்ல. ஐந்தாவது முறையில் மேசையைப் பாருங்கள்: நான்கு பேர் முன்னால் முப்பது நாற்பது கார்டுகள், முப்பது ஆண்டுத் தொகுப்புகளிலிருந்து வந்தவை, ஒவ்வொன்றிலும் நான்கைந்து வரி எழுத்து. புதியவர் அதில் பாதியைக்கூடப் படிக்க முடியாது. தன் முறை வரும்வரை இருபது நிமிடம் காத்திருப்பார். தோற்றால் ஏன் தோற்றார் என்பதும் புரியாது, ஜெயித்தாலும் அதுவே. மேலும், எவ்வளவு பலமான கட்டோடு வரலாம் என்பதை ஆடுமுன் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சை நடத்தவே அனுபவம் வேண்டும். 2024 செப்டம்பரில் 'மனா கிரிப்ட்', 'ஜுவல்டு லோட்டஸ்' உள்ளிட்ட நான்கு கார்டுகளைத் தன்னார்வ விதிக்குழு தடை செய்தபோது, விலை சரிந்த கோபத்தில் அந்தக் குழுவினருக்கு மிரட்டல்களே போயின. ஒரு வாரத்துக்குள் அவர்கள் பொறுப்பை நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். நட்புக்காகப் பிறந்த ஆட்டத்துக்கு இது நேர்ந்ததில் எனக்கு இன்றும் வருத்தம்தான். அதன் பின், கட்டுகளின் பலத்தை ஐந்து படிகளாகப் பிரிக்கும் முறையை 2025-இல் கொண்டுவந்தார்கள். பேச்சுக்கு அது உதவுகிறது, பேச்சுக்கு மாற்றாகாது.

டிராஃப்டுக்கு வருகிறேன். எட்டுப் பேர் வட்டமாக உட்காருகிறார்கள். ஆளுக்குப் பிரிக்காத மூன்று பூஸ்டர் பாக்கெட். முதல் பாக்கெட்டைப் பிரித்து, 14 கார்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியை இடப்பக்கம் இருப்பவரிடம் தள்ளுகிறீர்கள். வலப்பக்கத்திலிருந்து 13 கார்டு உங்களிடம் வருகிறது, அதிலும் ஒன்று. தீரும்வரை இப்படியே. இரண்டாவது பாக்கெட் வலப்பக்கம் சுற்றும், மூன்றாவது மறுபடி இடப்பக்கம். கடைசியில் நாற்பதுக்குச் சற்று மேல் கார்டுகள் கையில் இருக்கும். அவற்றில் 23 தேர்ந்து, 17 லேண்ட் சேர்த்தால் 40 கார்டுக் கட்டு தயார். அதோடு உடனே ஆட வேண்டும்.

இங்கே யாரும் வீட்டிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. இருபது ஆண்டு ஆடியவரின் பெட்டி நிறையக் கார்டு இருந்தாலும் இந்த மேசையில் அதற்கு வேலை இல்லை. அனுபவம் மட்டுமே அவருக்குக் கூடுதல். அதை நீங்களும் ஆட ஆடச் சம்பாதிக்கலாம்.

கார்டை எடுப்பதே ஓர் ஆட்டம். ஆறாவது கையில், அதாவது ஆறாவதாக உங்களிடம் வரும் கார்டுகளில், அருமையான ஒரு சிவப்புக் கார்டு இன்னும் இருக்கிறது என்று வையுங்கள். உங்களுக்கு முன் ஐந்து பேர் அதைப் பார்த்துவிட்டுத் தள்ளியிருக்கிறார்கள். அப்படியானால் வலப்பக்கத்தில் யாரும் சிவப்பை நாடவில்லை. முதல் பாக்கெட்டிலும் மூன்றாவதிலும் சிவப்பு உங்களைத் தேடி வரும். அதே சமயம் நீங்கள் இடப்பக்கம் நல்ல பச்சைக் கார்டுகளைத் தள்ளிவிட்டிருந்தால், அங்கே இருப்பவர் பச்சையில் இறங்கியிருப்பார். இரண்டாவது பாக்கெட்டில் அவர் பக்கமிருந்து பச்சை உங்களுக்கு வராது. யாரும் வாய் திறக்காமலேயே எட்டுப் பேருக்குள் ஒரு பேச்சு நடக்கிறது. இது கேட்கத் தொடங்கும் நாளில் உங்களுக்கு இந்த ஆட்டம் பிடித்துப்போகும்.

ஆட உட்கார்ந்த பிறகும் அது பாடம் நடத்துகிறது. மேசையில் இருப்பவை பெரும்பாலும் எளிய கார்டுகள். தாக்குவதா, தடுப்பதா, காத்திருப்பதா என்பதே கேள்வி. எதிரியிடம் 3/3, அதாவது மூன்று சேதம் செய்யும், மூன்று சேதம் பட்டால் சாகும் உயிரினம் ஒன்று நிற்கிறது. உங்கள் 2/2-ஐத் தாக்க அனுப்புகிறீர்கள், இரண்டு லேண்டைச் செலவழிக்காமல் விட்டுவிட்டு. அவர் தடுத்தால் சாதாரணக் கணக்கில் உங்கள் 2/2 சாகும். ஆனால் அந்த இரண்டு மனா ஏன் விழித்துக்கொண்டிருக்கிறது என்று அவர் யோசிக்க வேண்டும். பலம் கூட்டும் கார்டு உங்கள் கையில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்த ஒரு நொடியில் மேஜிக் முழுவதும் அடங்கியிருக்கிறது. எத்தனை விலையுயர்ந்த ஃபார்மட்டுக்குப் போனாலும் இதே கேள்விதான் வேறு கார்டுகளோடு வரும்.

குறை என்னவென்றால், ஒவ்வொரு முறையும் மூன்று பாக்கெட் வாங்க வேண்டும். எடுத்த கார்டுகள் உங்களுக்கே என்றாலும் மாதம் முழுக்க ஆடினால் செலவு ஏறும். அதற்காகத்தான் பாப்பர்.

பாப்பரில் எப்போதாவது 'காமன்' தரத்தில், அதாவது பாக்கெட்டுகளில் அதிகம் கிடைக்கும் சாதாரண வகையில், அச்சான கார்டுகள் மட்டுமே செல்லும். மற்றபடி 60 கார்டு, நான்கு பிரதி, 20 புள்ளி. இணையத்தில் வளர்ந்த இந்த ஃபார்மட்டுக்கு, காகிதத்திலும் இணையத்திலும் ஒரே விதி 2019-இல் வந்தது. பெரும்பாலான கட்டுகள் நூறு டாலருக்குள் முடிந்துவிடும். மலிவு என்பதால் மட்டமானது என்று நினைத்துவிடாதீர்கள். லைட்னிங் போல்ட், கவுண்டர்ஸ்பெல், பிரெயின்ஸ்டார்ம் போன்ற புகழ்பெற்ற கார்டுகள் எல்லாமே இங்கே செல்லும்.

ஒரு நீலக் கட்டு ஆடுவதைக் காட்டுகிறேன். 'ஸ்பெல்ஸ்டட்டர் ஸ்பிரைட்' என்பது 1/1 பறக்கும் தேவதை. எதிரியின் முறையிலும் இறக்கலாம். இறங்கும்போது, உங்களிடம் எத்தனை தேவதைகள் உண்டோ அந்த மனா மதிப்புக்குள் இருக்கும் ஒரு கார்டை முறியடிக்கும். எதிரி ஒரு மனா கார்டு போடுகிறார். ஸ்பிரைட் இறங்கி அதை முறிக்கிறது. அடுத்து உங்கள் முறை. ஸ்பிரைட் பறந்து தாக்குகிறது, தடுக்க ஆளில்லை. அப்போது இரண்டு மனா கொடுத்து ஸ்பிரைட்டைக் கைக்கு எடுத்துக்கொண்டு, அதன் இடத்தில் 'நிஞ்சா ஆஃப் த டீப் அவர்ஸ்' கார்டை இறக்குகிறீர்கள். நிஞ்சா இரண்டு சேதம் செய்கிறது, ஒரு கார்டும் எடுத்துத் தருகிறது. ஸ்பிரைட்டோ மறுபடி கையில், இன்னொரு கார்டை முறிக்கத் தயாராக. இரண்டுமே சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் கார்டுகள் என்றாலும், மாடர்னில் கிடைக்கும் நுட்பத்துக்கு இது சற்றும் இளைத்ததல்ல.

உங்கள் ஊரில் கடையோ ஆடுகிற கூட்டமோ இல்லையென்றால், சமபலமுள்ள இரண்டு பாப்பர் கட்டுகளை நீங்களே வாங்கி வைத்து, வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுங்கள். அதைவிட எளிய வழி 2020-இல் வந்த 'ஜம்ப்ஸ்டார்ட்': 20 கார்டு கொண்ட இரண்டு பாக்கெட்டைப் பிரித்து ஒன்றாகக் கலைத்தால் 40 கார்டுக் கட்டு, கட்டமைக்கும் தலைவலியே இல்லை. கடை இருக்கிறது ஆனால் டிராஃப்டில் அவசரமாகக் கார்டு எடுக்கப் பயமென்றால், புதிய தொகுப்பு விற்பனைக்கு வருமுன் நடக்கும் 'பிரீரிலீஸ்' நிகழ்ச்சிக்குப் போங்கள். ஆறு பாக்கெட் தருவார்கள், நிதானமாக அதிலிருந்தே கட்டு அமைக்கலாம். வந்திருக்கும் எல்லாருக்கும் அந்தக் கார்டுகள் புதியவை.

எதுவும் கிடைக்காவிட்டால் 'அரீனா' செயலி இலவசம், கைபேசியிலேயே ஆடலாம். அதில் டிராஃப்ட் இரண்டு விதமாக இருக்கும். 'குவிக் டிராஃப்ட்' கட்டணம் குறைவு. ஆனால் பாக்கெட்டைச் சுற்றிவிடுவது இயந்திரங்கள். கார்டுகள் பழகும்வரை அது போதும். பழகிய பின், கட்டணம் அதிகமானாலும் மனிதர்களோடு எடுக்கும் 'பிரீமியர் டிராஃப்ட்'டுக்கு மாறிவிடுங்கள். மேலே சொன்ன அந்த ஆறாவது கை சிவப்புக் கார்டு அங்கேதான் எதையாவது சொல்லும்.