வீடியோ கேமில் வரும், நிஜத்தில் இல்லாத ஒரு பூவுக்காக வருத்தப்படுவது பைத்தியக்காரத்தனமா?

கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது, வீட்டில் யாரோ உங்களைக் கேலி செய்திருக்கிறார்கள். எனக்கும் நடந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பூவின் பெயர் சைலண்ட் பிரின்சஸ். 2017-இல் வந்த 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்' விளையாட்டில், ஹைரூல் நாட்டுக் காடுகளில் பூப்பது. வெள்ளையும் நீலமும் கலந்த இதழ்கள், இரவில் லேசாக ஒளிரும். நாயகன் லிங்க் நூறு வருடத் தூக்கத்திலிருந்து எழுந்து, மறந்துபோன நினைவுகளை ஒவ்வொன்றாக மீட்பான். அதில் ஒன்றில் இளவரசி செல்டா இந்தப் பூவை அவனுக்குக் காட்டுவாள். அருகிப்போன இனம், எவ்வளவோ முயன்றும் தோட்டத்தில் வளர்க்க முடியவில்லை, காட்டில்தான் தழைக்கும், தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டியதுதான் என்பாள். வராத ஒரு சக்திக்காக வேண்டிக்கொண்டே இருந்து, அப்பாவிடம் திட்டு வாங்கிய பெண் அவள். தன்னைப் பற்றியும்தான் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

பூவைப் படம் பிடித்தால் ஒரு குறிப்பு வரும்: இளவரசிக்குப் பிடித்த பூ, அழிந்துவிட்டதோ என்று பயந்தார்கள், இப்போது காட்டில் மறுபடி தென்படுகிறது. அவள் நூறு வருடமாகக் கோட்டைக்குள் தனியாகப் பேரழிவைத் தடுத்துக்கொண்டிருக்கிறாள். பூ வெளியே பிழைத்துவிட்டது. அதைப் படித்த ராத்திரி நான் அழுதேன்.

அது 2021, அம்மா இறந்துபோன வருடம். எல்லாரும் தூங்கியபிறகு விளையாட்டைத் திறப்பேன். சண்டைக்கெல்லாம் போக மாட்டேன். ககாரிகோ கிராமத்துக்கு மேலே தேவதை ஊற்றுப் பக்கம் இந்தப் பூக்கள் இருக்கும். லிங்க்கை அங்கே நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றைக்கூடப் பறித்ததில்லை.

அடுத்த கோடை விடுமுறைக்கு அக்கா பையன் வந்தான், பத்து வயது. ஒரு நாள் காலையில் ஓடி வந்து, "சித்தி, உன் நீலச் சட்டையை அப்கிரேட் பண்ணிட்டேன்!" என்றான். விளையாட்டில் லிங்க் போடும் சட்டை அது, இந்தப் பூக்களைக் கொடுத்தால் ஊற்றுத் தேவதை அதை வலுவாக்கித் தருவாள். ஊற்றுப் பக்கம் இருந்த பூக்களை எல்லாம் பறித்து அவளிடம் கொடுத்திருக்கிறான். எனக்கு உதவி செய்ததாகத்தான் நினைத்தான், முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் கத்திவிட்டேன். அவன் அழுதான். அக்கா வந்து, "பொம்மைப் பூவுக்காகப் பிள்ளையைத் திட்டுவியா?" என்று கேட்டுவிட்டு அன்று மாலையே கிளம்பிவிட்டாள்.

பூ மறுபடி முளைக்கும் என்று யாராவது கமெண்டில் எழுதத்தான் போகிறீர்கள். தெரியும். சட்டையை மேம்படுத்த அதைத்தான் கேட்பார்கள், சமைத்தால் சத்தமில்லாமல் நடக்கலாம், அதுவும் தெரியும். பறிப்பவர்களைக் குறை சொல்லவில்லை. நான் பறிக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு ஆண்கள் ஐபிஎல் நடக்கும் இரண்டு மாதமும் ராத்திரி பதினொன்றரை வரை டிவியை விடமாட்டார்கள். தோற்றால் சாப்பிடாமல் படுப்பார்கள். அதற்குப் பெயர் ரசனை. நான் முக்கால் மணி நேரம் விளையாடினால், "இந்த வயசுல என்ன கேம்?" சமையல் முடித்து, பாத்திரம் கழுவி, மறுநாள் இட்லிக்கு மாவு கரைத்து வைத்தபிறகு கிடைக்கிற முக்கால் மணி நேரம் அது. இதை எங்கே போய்ச் சொல்வது?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பைத்தியக்காரத்தனம் இல்லை. நீங்கள் வருத்தப்பட்டது பூவுக்காக மட்டும் இருக்காது, அது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பையனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அக்காவிடம் இன்னும் கேட்கவில்லை. ஊற்றுப் பக்கம் பூக்கள் திரும்ப வந்துவிட்டன. அந்த நீலச் சட்டையை மட்டும் லிங்க்குக்கு அப்புறம் போட்டுவிடவே இல்லை.