ஈயப் பட்டறையும் வெல்லக் கட்டியும்

கேள்வி: பழைய பேட்டரிகளைப் பிரித்து ஈயம் உருக்கும் பட்டறையில் என் கணவர் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறார். சில மாதங்களாக வயிற்றுவலி, மலச்சிக்கல், ஓயாத அசதி. தினமும் வெல்லமும் பாலும் சாப்பிட்டால் நஞ்சு இறங்கிவிடும் என்கிறார் முதலாளி. எங்கள் மூன்று வயது மகளுக்கும் ஆபத்து உண்டா, டாக்டர்?
– வாசகி, ஈரோடு

பதில்: இத்தொல்லைகள் வேறு காரணங்களாலும் வரலாம் என்றாலும், ஈயம் உருக்குபவருக்கு வரும்போது ரத்தத்தில் ஈயத்தின் அளவைத் தாமதமின்றிப் பார்த்துவிட வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய ஈயமும் கலந்து அளவைக் கூட்டிக் காட்டும் என்பதால், கையின் ரத்தக்குழாயிலிருந்து ஊசியால் எடுக்கும் ரத்தமே நம்பகமானது. கூடவே ஹீமோகுளோபின், சிறுநீரகச் செயல்பாடு, ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வெல்லம் ஈயத்தை வெளியேற்றாது. வெறும் வயிற்றில் ஈயம் கூடுதலாக உறிஞ்சப்படும் என்பதால் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவது நல்லதுதான். ஆனால் அது பாதுகாப்பு ஆகிவிடாது. உலைக்கு மேல் புகையை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு, ஈயப் புகையைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகக்கவசம், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது ஆகியவை முதலாளி செய்துதர வேண்டியவை. முகத்தில் கட்டும் கைக்குட்டை நுண்ணிய புகையைத் தடுக்காது. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிடுவதும், பட்டறைக்குள் பீடி பிடிப்பதும் ஈயத்தை நேரே வாய்க்குக் கொண்டுபோகின்றன. ஈயத்தை வெளியேற்றும் மருந்துகள் உண்டு; ஆனால் அதே புகையில் நின்றுகொண்டே அவற்றை எடுத்துக்கொள்வதில் பயனில்லை, சில வேளைகளில் கேடும் உண்டு. இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீட்டு) அட்டை இருந்தால், இஎஸ்ஐ மருத்துவரிடம் வயிற்றுவலியைச் சொல்வதற்கு முன்பே என்ன வேலை செய்கிறார் என்பதை அவர் சொல்லட்டும். ஈய நச்சு என்பது சட்டம் ஏற்கும் தொழில்சார் நோய்.

உங்கள் மகளைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க ஈய அளவே இல்லை. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அது வரும் வழியைக் கண்டறிந்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல். உங்கள் வீட்டில் அந்த வழி, பெரும்பாலும் அவர் அணிந்து வரும் துணியும் செருப்பும் தலைமுடியில் படிந்த தூசியும்தான். பட்டறையிலேயே குளித்து, துணி மாற்றிக்கொண்டு வந்த பிறகே அவர் குழந்தையைத் தூக்க வேண்டும். வேலைத் துணியை உதறாமல், மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியே அலச வேண்டும். இதுவரை அதைத் துவைத்தவர் நீங்கள் என்றால், மகளோடு சேர்த்து உங்களுக்கும் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.