வாசகர் கேள்வி பதில்: குராசோவும் பாட்டியின் பிறப்புச் சான்றிதழும்

கேள்வி: ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் வாழும் கரீபியத் தீவான குராசோ 2026 உலகக் கிண்ணக் காற்பந்துக்குத் தகுதி பெற்றுவிட்டது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்தவர்களாமே! அவர்களுக்கு இல்லாத தடை நம் மலேசியக் குழுவின் ஏழு பேருக்கு மட்டும் ஏன்?
– செந்தூல் வாசகர்

பதில்: வெளியில் பிறந்ததற்காக யாரையும் உலகக் காற்பந்துச் சம்மேளனமான பிஃபா தடுப்பதில்லை. குராசோ நெதர்லாந்து முடியாட்சியின் ஓர் அங்கம். அதற்குத் தனிக் குடியுரிமை கிடையாது. தீவில் இருப்பவரும் ஆம்ஸ்டர்டாமில் இருப்பவரும் வைத்திருப்பது ஒரே குடியுரிமைதான். கடப்பிதழே போதும் என்றால் எந்த டச்சுக்காரரும் குராசோவுக்கு ஆடிவிடலாம். அதனால்தான் பிஃபா இன்னொன்றும் கேட்கிறது: ஆட்டக்காரர் தீவில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்ற தாய் தந்தையரிலோ அவர்களைப் பெற்றவர்களிலோ ஒருவராவது அங்கே பிறந்திருக்க வேண்டும். இதுவும் இல்லையென்றால் அங்கே வாழ்ந்த காலம் பார்க்கப்படும். 18 வயதுக்குப் பிறகு போனவருக்குக் குறைந்தது 5 ஆண்டுகள். கொள்ளுப்பாட்டி கணக்கில் வரமாட்டார்.

நெதர்லாந்தின் குரோனிங்கனில் பிறந்த லியாண்ட்ரோ பகூனா குராசோ குழுவின் தலைவரானது பூர்வீகத்தின் வழியாகத்தான்.

நம் விவகாரத்தில் சிக்கியது அந்தப் பூர்வீகச் சான்றுதான். ஏழு பேரின் தாத்தா பாட்டிமார் மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய ஆவணங்கள், வெளிநாட்டுப் பதிவேடுகளில் உள்ள அசலோடு ஒத்துப்போகவில்லை. அவை திருத்தப்பட்டவை என்று 2025 செப்டம்பரில் பிஃபா அறிவித்தது. ஏழு பேருக்கும் 12 மாதத் தடை, மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். ரசிகர்களுக்கு வலிக்கத்தான் செய்யும்.

முறையாகச் செய்வதென்றால் மூன்று தலைமுறைச் சான்றிதழ்கள் வேண்டும்: ஆட்டக்காரருடையது, தாய் அல்லது தந்தையுடையது, தாத்தா அல்லது பாட்டியுடையது. ஒவ்வொன்றிலும் பெற்றோர் பெயர் முந்தையதோடு சங்கிலியாகப் பொருந்த வேண்டும். கடைசிச் சான்றிதழைப் பிறப்பைப் பதிந்த அலுவலகத்திலிருந்தே சான்றளித்த நகலாக வாங்குங்கள். முகவர் கொடுக்கும் நகலை அப்படியே அனுப்புவதுதான் ஆபத்து.

கேள்வி: வேறு நாட்டுக்கு ஆடியவர் மாறலாமா?
– பாயான் லெப்பாஸ் வாசகி

பதில்: இளையோர் குழுவில் மட்டும் ஆடியவர் மாறலாம், ஆனால் பழைய நாட்டுக்காக முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தில் இறங்கியபோதே புதிய நாட்டின் குடியுரிமையும் அவரிடம் இருந்திருக்க வேண்டும்; இல்லையென்றால், அந்த நாட்டுக்காகக் கடைசி அதிகாரபூர்வ ஆட்டத்தில் இறங்கியபோது 21 வயது நிறைந்திருக்கக் கூடாது. குராசோவின் தலைநகர் வில்லெம்ஸ்டாடில் பிறந்த தஹித் சொங் நெதர்லாந்து இளையோர் குழுவில் ஆடி, பிறகு குராசோவுக்கு வந்தவர். மூத்தோர் குழுவின் போட்டி ஆட்டங்களில் இறங்கியிருந்தால் விதி இறுகும்: நட்பு ஆட்டங்களையும் சேர்த்து மூன்றுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது, கடைசியாக ஆடியபோது 21 வயது நிறைந்திருக்கக் கூடாது, அதன் பிறகு மூன்று ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். உலகக் கிண்ண இறுதிச் சுற்றில் ஒரு நிமிடம் ஆடியிருந்தாலும் கதவு மூடிவிடும்.

கேள்வி: ஜமைக்காவை வென்றா குராசோ தகுதி பெற்றது?
– பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

பதில்: இறுதித் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் சமநிலையே போதுமாக இருந்தது. 2025 நவம்பர் 18 அன்று (நமக்கு 19 காலை) கிங்ஸ்டனில் 0-0. அந்தச் சுற்றின் ஆறு ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை.