குடந்தைக்குள் நுழையும்போது எந்த ஆறு?

கேள்வி: மன்னார்குடியில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். விடுமுறை கிடைத்தால் எங்காவது கிளம்பிவிடுவேன், வந்ததும் எழுதுவேன். கும்பகோணம் போய்வந்து எழுதிய கட்டுரையை அனுப்பியிருக்கிறேன். படித்த நண்பர்கள், "தப்பா ஒண்ணும் இல்ல, ஆனா யாரு எழுதினாலும் இப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். எனக்கென்று ஒரு குரல் எப்படி வரும்? தஞ்சாவூர்ப் பேச்சுத் தமிழிலேயே எழுதிவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: நண்பர்கள் சொல்வது சரிதான். ஆனால் குறை உங்கள் தமிழில் இல்லை. அது பிழையில்லாத, சரளமான தமிழ். "காவிரிப் பாலத்தைக் கடந்து குடந்தைக்குள் நுழைந்தோம்" என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அங்கேதான் இடறுகிறது. நீடாமங்கலம், வலங்கைமான் வழியாகத் தெற்கிலிருந்து வருகிறவர் ஊருக்குள் நுழையுமுன் தாண்டுவது அரசலாறு. காவிரி ஊருக்கு வடக்கே போகிறது. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த உங்களுக்கு இது தெரியும். எழுத உட்கார்ந்தபோதுதான் காணாமல் போயிற்று. அதுவரை படித்த கும்பகோணக் கட்டுரைகள் எல்லாம் வந்து உங்கள் பேனாவைப் பிடித்துக்கொண்டன. அவற்றில் காவிரி மட்டும்தான் ஓடும்.

வழியில் இருந்த மற்றதும் இப்படித்தான் போயிருக்கிறது. முதல் பத்தியில் மன்னார்குடி, இரண்டாம் பத்தியில் மகாமகக் குளம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்காமல் எந்தப் பேருந்தாவது போயிருக்குமா? அங்கே வண்டியை அணைத்துவிட்டு டிரைவர் என்ன செய்தார், பின்சீட்டில் யார் யாரைத் திட்டினார்கள்? வலங்கைமானில் வரிசையாக வெடிக்கடைகள். உயிர் பிழைத்தவர்கள் பாடையில் படுத்து ஊர்வலம் வந்து நேர்த்திக்கடன் செலுத்தும் மாரியம்மன் கோயிலும் அதே ஊரில்தான். கட்டுரையில் ஒரு வரி இல்லை. புகழ்பெற்ற இடம் வரும்வரை பயணம் தொடங்கவில்லை என்று நினைத்துவிட்டீர்கள்.

அடுத்தது உங்கள் தொழில். "சாலையெங்கும் தங்கக் கம்பளம் விரித்தாற்போல் நெல்" என்ற வரியைச் சென்னையிலிருந்து காரில் வருகிறவர் எழுதட்டும், அவருக்கு அது தங்கமாகத்தான் தெரியும். ஆலையில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் எழுதலாமா? அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குமேல் போனால் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பதும், குறுகிய கால நெல்லான குறுவையின் அறுப்பு முடிகிற சமயத்தில் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும் என்பதும், அதனால்தான் களம் போதாமல் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைக்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒரு மணியைப் பல்லில் கடித்தே ஈரம் சொல்கிறவர்களோடு தினம் வேலை பார்க்கிறீர்கள். அந்தச் சாலையில் போகும்போது உங்கள் மனதில் ஓடியது கம்பளமாக இருந்திருக்காது. "இது இன்னும் ரெண்டு வெயில் காயணும், மேக்கால இருட்டிக்கிட்டு வருதே" என்றுதான் ஓடியிருக்கும். அதை எழுதுங்கள். குரல் என்று நீங்கள் தேடுவதில் முக்கால்வாசி அதுதான்.

தண்ணீரையும் உங்கள் இடத்திலிருந்து பாருங்கள். திருச்சிக்காரர் காவிரி என்றால் ஆடிப்பெருக்கும் அம்மா மண்டபமும் எழுதுவார். உங்கள் ஊருக்கு வருவது பல கை மாறிய தண்ணீர். கல்லணையில் காவிரியிலிருந்து பிரிகிற வெண்ணாறு, தென்பெரம்பூரில் வெட்டாற்றுக்குப் பங்கு கொடுத்துவிட்டு, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்கிற மதகில் கோரையாறாகவும் பாமணியாறாகவும் பிரிந்து வருகிறது. மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு ஜூன் 12-இல் திறப்பது மரபு. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 ஆயிற்று. அந்த இரண்டு வருடத்திலும் ஆலைக்கு வந்த நெல்லில், கடைவீதியில், கடன் பாக்கியில் என்ன வித்தியாசம் தெரிந்தது என்று உங்கள் கணக்குப் புத்தகமே சொல்லும். 'சலசலத்து ஓடும் காவிரி' என்று எழுதுகிறவரிடம் அந்தப் புத்தகம் இல்லை.

தகவல்கள் விஷயத்தில் ஒன்றே ஒன்று. தஞ்சைப் பெரிய கோயில் வரும் இடத்தில், விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எழுதியிருக்கிறீர்கள். விழும். 216 அடி உயரக் கட்டடத்தின் நிழல் எங்கே போகும்? வெயில் சாயும் நேரத்தில் போய் நின்றால் பிராகாரத்திலேயே பார்க்கலாம். 1010-இல் குடமுழுக்கு நடந்த கோயிலுக்குப் பெருமை சேர்க்க இப்படி ஒரு கதை தேவையே இல்லை. பார்த்ததற்கும் கேள்விப்பட்டதற்கும் நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கேள்விப்பட்டதை எழுதலாம், யார் சொன்னார் என்பதோடு.

இனிச் சொல்வது கொஞ்சம் சங்கடமானது. டெல்டாவைப் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி திண்ணை, வெற்றிலைச் செல்லம், பித்தளை டம்ளர் காபி என்றே இருக்கிறது. அந்தத் திண்ணையில் உட்கார்ந்து வளர்ந்தவர் அதை எழுதினால் அவருக்கு அது உண்மை. அப்படி வளராதவரும் அந்த ஏக்கத்தைக் கடன் வாங்கி எழுதுவதுதான் எனக்குப் புரிவதில்லை. வரப்பின்மேல் குடையோடு நின்றவருக்குத் தெரிந்த வயல் ஒன்று, சேற்றில் குனிந்து நின்றவருக்குத் தெரிந்த வயல் வேறு. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தகராறில், கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்து 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நாகப்பட்டினம் சாலையில் போய் சிக்கல் கோயிலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற பலருக்குப் பக்கத்தில் இப்படி ஓர் ஊர் இருப்பதே நினைவுக்கு வருவதில்லை. ஒவ்வொரு கட்டுரையிலும் அதை எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டார் வயலில் எந்தப் பக்கம் நின்றவர்கள் என்பதை நீங்கள் அறிந்து எழுத வேண்டும், அவ்வளவுதான். அதை மறைக்கிற கட்டுரையில் குரல் எப்போதும் ஒரு மாதிரி பூசினாற்போல இருக்கும்.

செய்முறை என்று கேட்டால், ஊர் திரும்பியதும் எழுத உட்காராதீர்கள். முதலில் வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள், போனில் பதிவு செய்துகொண்டு. எதை முதலில் சொல்கிறீர்கள், எதை அடியோடு விட்டுவிடுகிறீர்கள், கேட்பவர் எங்கே "அப்புறம்?" என்கிறார் என்று பிறகு போட்டுக் கேளுங்கள். கட்டுரையின் வரிசை அங்கேயே கிடைத்துவிடும். மனைவியிடமோ தம்பியிடமோ யாரும் "பசுமைப் போர்வை போர்த்திய வயல்கள்" என்று சொல்வதில்லை. எழுதி முடித்ததும், கும்பகோணம் என்று இருக்கும் இடத்தில் காஞ்சிபுரம் என்று போட்டுப் பாருங்கள். எந்த வாக்கியம் அப்போதும் சரியாக நிற்கிறதோ அதை அடித்துவிடலாம். மகாமகம் பற்றிய உங்கள் நீண்ட பத்தி இந்தச் சோதனையில் தப்பிக்கும், ஆனால் அதைப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எல்லாப் பத்திரிகையும் எழுதுகிறது. இரண்டு வரி போதும்.

பேச்சுத் தமிழ் கேட்டீர்கள். முழுக் கட்டுரையையும் அதில் எழுதினால் நாலாவது பக்கத்தில் படிப்பவர் களைத்துவிடுவார், அதுவும் ஒரு வேஷம்தான். நீங்கள் சொல்வதை உங்கள் எழுத்துத் தமிழில் சொல்லுங்கள். மற்றவர் பேசுவதை அவர் பேசினபடி வையுங்கள், திருத்தாமல். அதற்குக் காதோடு கூச்சமும் வேண்டும். நடவு வயலில் கூலியைப் பற்றி ஒரு அம்மா மனம்விட்டுப் பேசியதாக எழுதி, பெயரையும் தெருவையும் போட்டிருக்கிறீர்கள். அவரிடம் கேட்டீர்களா? அது வயல்காரர் கண்ணில் பட்டால் அடுத்த நடவுக்கு அவரைக் கூப்பிடாமல் விட்டுவிடக்கூடும். பெயரை எடுத்துவிடுங்கள், ஊரையும் பொதுவாக்குங்கள். அவர் சொன்ன வாக்கியத்தை மட்டும் தொடாதீர்கள். உங்கள் கட்டுரையிலேயே நல்ல வாக்கியம் அதுதான்.